இளையவள் மனமுவந்து இருந்தாள்

மார்ச் 3, செவ்வாய்

பல் டாக்டர் காலையில் என் மூக்குக்கண்ணாடியின் மேல் உட்கார்ந்துவிட்டார். முப்பத்தோரு வருடம் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தியும் நான் கண்ணாடியை எங்கே வைப்பேன் என்று இந்தப் பல் டாக்டருக்கு, அதாவது என் கணவருக்கு, தெரியவில்லை. "நாற்காலியில வச்சது உன் தப்பு" என்கிறார். நியாயம்தான். அவரிடம் ஒப்புக்கொள்வதாக இல்லை.

பழைய கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பல்கலைக்கழகம் போனேன். மாடிப்படியிலேயே துறைத் தலைவர் காத்திருந்தார். என்னிடம் படித்தவர், இப்போது தலையில் முடியும் இல்லை, எனக்கே விடுப்பு அனுமதிக்கிற பதவி வேறு. கையில் ஒரு கடிதம். சட்டமன்றக் குழு என்னைக் கூப்பிட்டிருக்கிறது. வீட்டில் படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் மாதத்தில் சில நாள் ஓய்வெடுக்க, அரசாங்கமே மாற்று ஆள் அனுப்ப வேண்டும் என்று ஒரு சட்டம் வரப்போகிறதாம். அந்த உரிமை யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று ஏப்ரல் 16-ஆம் தேதி நான் போய்ச் சொல்ல வேண்டும்.

"மேடம், வரைவு முழுக்க உங்க 'இரண்டு சகோதரிகள்' உதாரணம்தான்! உங்க வார்த்தையை அப்படியே எடுத்துப் போட்டிருக்காங்க" என்றார்.

அடக்கமாகத் தலையாட்டினேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கடிதத்தை மூன்று முறை படித்தேன். பொய் சொல்வானேன், கர்வமாகத்தான் இருந்தது.

மார்ச் 5, வியாழன்

குழுவுக்கு அனுப்ப என் உதாரணத்தைச் சுருக்கி எழுதினேன். இருபத்தெட்டு வருடத்துக்கு முன் என் முதல் புத்தகத்தில் வந்தது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்.

இரண்டு சகோதரிகள். அப்பா பக்கவாதத்தில் படுத்துவிடுகிறார். மூத்தவள் மேற்படிப்புக்கு வெளியூர் போகிறாள். இளையவள் வீட்டிலிருந்து பதினோரு வருடம் அப்பாவைப் பார்த்துக்கொள்கிறாள். இளையவளுக்கு வேறு ஆசை எதுவும் இருக்கவில்லை, மனமுவந்து இருந்தாள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மூத்தவள் அவளுக்கு நன்றியோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான். நியாயத்தின் பெயரால் இளையவள் அவளிடமோ அரசாங்கத்திடமோ எதையும் கேட்க முடியாது. தெரிந்தே ஒருவர் தோளில் ஏற்றிக்கொண்ட சுமையை இன்னொருவர் இறக்கித் தரக் கடமைப்பட்டவர் இல்லை.

இந்தப் பத்து வரிதான் எனக்குச் சோறு போட்டது, பேர் வாங்கிக் கொடுத்தது. இதை எதிர்த்தே நாலு பேர் முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறார்கள்.

அந்த மூத்தவள் நான்தான் என்பதை நான் மறைத்ததே இல்லை. பேட்டிகளில் சொல்லியிருக்கிறேன்: "என் தங்கை அப்படித்தான் இருந்தாள். ஒரு நாள் முகம் சுளித்ததில்லை." கேட்பவர்கள் உருகிப்போவார்கள். தானாக விரும்பி ஏற்றவர்களுக்கு இந்த உரிமை இல்லை என்ற பிரிவுக்கு ஆதாரமாக, வரைவின் ஏழாம் பக்க அடிக்குறிப்பில் அந்தப் பேட்டியும் இருக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா ஆறு வருடமாக அவளோடுதான்; அவள் வேலைக்குப் போகும் நேரம் மட்டும் பக்கத்து வீட்டு அம்மாள் பார்த்துக்கொள்கிறாள். மாதத்தில் இரண்டு ஞாயிறு, ஒரு பை ஆரஞ்சு, இரண்டு மணி நேரம் — என் பங்கு அது.

அம்மா என்னைப் பார்த்ததும் "சின்னவ எங்க?" என்றாள். சின்னவள் அவள் தலைமாட்டில்தான் நின்றுகொண்டிருந்தாள். நான் இல்லாத நாளெல்லாம் "பெரியவ எப்ப வருவா?" என்று கேட்டு உயிரை எடுக்கிறாளாம். தங்கை அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

பிறகு வாலு வந்தது. வாலு என்றால் தங்கை மகள். கல்லூரியில் முதல் வருடம். "பெரியம்மா, உங்க உதாரணம் எங்க பாடத்துல வந்திருக்கு!" என்று பக்கத்தைப் பிரித்து, பள்ளிக்கூடத்தில் வாசிக்கிற மாதிரி சத்தமாக வாசித்தது. தங்கை தொட்டியில் அம்மா தண்ணீர் குடிக்கிற, மூக்கு வைத்த கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தாள். என் புத்தகம் எதையும் அவள் படித்ததில்லை. நானும் கொடுத்ததில்லை. புரியாது என்று ஒரு நினைப்பு. வேறென்ன?

குழாயை மூடினாள். "திரும்பப் படி" என்றாள். வாலு படித்தது.

"வேற ஆசை எதுவும் இருக்கலையா? எனக்கா?"

சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, "சரிக்கா, கெளம்பு. அம்மாவுக்குத் துணி மாத்தணும்" என்றாள். வந்து இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

மார்ச் 9, திங்கள்

ஏழு தடவை அடித்தேன். போனை எடுக்கவில்லை.

மார்ச் 11, புதன்

சரி, கோபப்படட்டும். என்ன தப்புச் செய்தேன்? பெயர் போட்டேனா? ஊர் போட்டேனா? அவளைக் குறையாக ஒரு வார்த்தை எழுதியிருக்கிறேனா? நல்லவள் என்றுதானே எழுதினேன்!

பல் டாக்டரிடம் பொரிந்து தள்ளினேன். "நெஞ்சுல கை வச்சுச் சொல்றேங்க, அவளுக்குன்னு ஒரு ஆசை இருந்த மாதிரி எனக்கு ஞாபகமே இல்ல."

அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "உனக்கு ஞாபகம் இல்லன்னா அவளுக்கு இல்லன்னு அர்த்தமா?"

முப்பத்தோரு வருடத்தில் இந்த மனிதர் என் துறையைப் பற்றிச் சொன்ன முதல் கருத்து. எரிச்சலாக வந்தது.

மார்ச் 14, சனி

வாலு நேரில் வந்தது. உட்காரவில்லை, வாசல் கதவில் சாய்ந்துகொண்டே கேட்டது. "அம்மாவுக்கு நில அளவைப் பள்ளியில இடம் கிடைச்சிருந்துதாமே? நீங்க ஊருக்குப் போன அதே வருஷமாம். தெரியுமா உங்களுக்கு?"

"அப்படி எதுவும் இல்லடி. உங்கம்மா எதையாவது போட்டுக் குழப்பிக்கிறா" என்றேன்.

அது என்னைப் பார்த்த பார்வை! விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டது.

மத்தியானம் பரணில் இருந்த பழைய பெட்டிகளை இறக்கினேன். வாலுவின் வாயை அடைக்க வேண்டும் என்றுதான் இறக்கினேன், அதையும் எழுதிவிடுகிறேன். புத்தகத்தின் முதல் கையெழுத்துப் படி மூன்றாவது பெட்டியில் இருந்தது. என் கையெழுத்து. பச்சை மை.

"இளையவளுக்கும் ஒரு பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது (நில அளவை). மூத்தவள் முதலில் கிளம்பிவிட்டதால் அவள் போகவில்லை."

அதன் மேல் ஒரு கோடு. ஓரத்தில் என் நெறியாளரின் பென்சில்: "இந்தத் தகவல் வாதத்தைக் குழப்புகிறது. எளிமையாக்கு." அதன் கீழே, மறுபடி என் பச்சை மை: "இளையவளுக்கு வேறு ஆசை எதுவும் இருக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம்."

எங்கள் தொழிலில் இது குற்றமே இல்லை. தினமும் செய்வோம். ஒரு மனிதரை எடுத்துக்கொண்டு, வாதத்துக்கு வேண்டாததையெல்லாம் சீவித் தள்ளிவிட்டு, மிச்சத்தை வைத்துக் கேள்வி கேட்போம். மாணவர்களுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் வைத்துக்கொள்வோம் என்று சொன்னதைக் கடைசியில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நான் கொடுக்கவில்லை. வருடா வருடம் வகுப்பில் சொல்லிச் சொல்லி, மேடையில் சொல்லிச் சொல்லி, அது எனக்கு நடந்த கதையாகவே ஆகிப்போச்சு. நான் பொய் சொல்லலை. நம்பினேன். என் தங்கச்சிக்கு ஆசையே இல்லைன்னு நானே எழுதி நானே நம்பிட்டேன். ஐயோ, அவ அந்த லெட்டரை வச்சுக்கிட்டு நின்னிருப்பாளே.

இதை ஒரு முட்டாள்கூடச் செய்யமாட்டான். இதற்கு நிறையப் படித்திருக்க வேண்டும்.

மார்ச் 17, செவ்வாய்

துறைத் தலைவரிடம் சொன்னேன். கையெழுத்துப் படியையே காட்டினேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் இரண்டு நிமிடத்தில் தேறிக்கொண்டார்.

"மேடம், உதாரணத்துல உண்மை ஏது, பொய் ஏது? அது ஒரு கற்பனை. நீங்க நிரூபிச்சது அதோட வடிவத்தை. வடிவத்துல ஒரு ஓட்டை காட்டுங்க பார்ப்போம்."

நான் சொல்லிக்கொடுத்த பாடம்தான். சரியான பாடமும்கூட. பேட்டியில் சொன்னதுதான் சங்கடம் என்றேன். "அதை யார் தோண்டப் போறாங்க? வர்ற வருஷம் உங்க பேர்ல சொற்பொழிவு வரிசை ஆரம்பிக்கிற நேரம். சும்மா இருங்க மேடம்" என்று டீ வரவழைத்தார்.

குடித்தேன். வீடு வரும் வரை அவர் சொல்வது சரி என்றே தோன்றியது.

மார்ச் 20, வெள்ளி

தங்கை நகராட்சிக் குடிநீர் அலுவலகத்தில் புகார் எழுதிக்கொள்கிற வேலை பார்க்கிறாள். பதினெட்டு வருடமாக. அங்கே நான் போனதே இல்லை என்பது இன்றுதான் உறைத்தது. வீட்டுக்குப் போனால் கதவு திறக்கமாட்டாள், ஜன்னலில் இருந்தால் ஓட முடியாது என்று கணக்குப் போட்டுத்தான் போனேன்.

எனக்கு முன்னால் பதினான்கு பேர். முக்கால் மணி நேரம் நின்றேன். அவள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே நகர்ந்தேன். ஒருவர் அடித் தொண்டையில் கத்தினார், "கத்தினா குழாய்ல தண்ணி வந்துடுமா அண்ணே? தெரு பேரைச் சொல்லுங்க" என்றாள். அவரே சிரித்துவிட்டார். என் தங்கைக்கு இவ்வளவு சாமர்த்தியம் என்று எனக்குத் தெரியாது.

என் முறை வந்தது. நிமிர்ந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

"புகார் என்ன?"

"உங்கிட்ட பேசணும்டி."

"படிவத்துல எழுதிக் கொடுங்க."

நிஜமாகவே ஒரு படிவத்தைத் தள்ளினாள். பின்னால் நின்றவர் "சீக்கிரம்மா" என்று முதுகில் இடித்தார். சுவரில் வைத்து எழுதினேன். 'புகாரின் தன்மை' என்ற இடத்தில், "உனக்கு இடம் கிடைத்தது எனக்குத் தெரியும். தெரிந்தே அடித்து எழுதினேன். பிறகு மறந்தும் போனேன்" என்று எழுதிக் கொடுத்தேன். படித்தாள். முத்திரை குத்தினாள். நகலைக் கிழித்து என்னிடம் கொடுத்தாள்.

"ஏழு நாள்ல பதில் வரும். அடுத்தவங்க வாங்க."

மார்ச் 27, வெள்ளி

கூப்பிட்டாள். சரியாக ஏழாம் நாள். என் தங்கை.

அழவில்லை, கத்தவில்லை. எழுதி வைத்ததை வாசிக்கிற மாதிரி சொன்னாள். "அந்த லெட்டரை முதல்ல உங்கிட்டதான் காட்டினேன். நீ பெட்டி கட்டிட்டு இருந்த. நல்லா இருக்குடின்னு சொல்லி என் கையில திருப்பிக் கொடுத்த. மறுநாள் பஸ் ஏறிட்ட. நீ படிச்சு முடிச்சு வந்து என்னை அனுப்புவன்னு ரெண்டு வருஷம் நினைச்சுட்டு இருந்தேன்க்கா. அப்புறம் நீ வேலைக்குப் போயிட்ட. அப்புறம் அந்த ஸ்கூலுக்கு எனக்கு வயசு தாண்டிருச்சு."

நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். எவ்வளவு மட்டமான கேள்வி!

"நீ ஒண்ணும் செய்ய வேணாம். அப்பாவைப் பார்த்துக்கிட்டதுக்கு நான் வருத்தப்படலை. ஆனா நான் மனமுவந்து இருந்தேன்னு மட்டும் இனிமே யார்கிட்டயும் சொல்லாத. அது பெரிய அவமானமா இருக்கு."

அவமானம் என்றாள். அந்த வார்த்தையை இத்தனை நாளில் நான் யோசித்தே பார்க்கவில்லை. அநீதி, சுரண்டல், சமமின்மை — எல்லாவற்றுக்கும் என்னிடம் அத்தியாயம் உண்டு.

ஏப்ரல் 15, புதன்

நாளைக்குக் குழு. இரண்டு உரை எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று துறைத் தலைவர் சொன்ன மாதிரி, வடிவத்தைப் பற்றி. நன்றாக இருக்கிறது. மிக நன்றாக இருக்கிறது. பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 16, வியாழன்

சொல்லிவிட்டேன்.

நீள மேஜை, ஒன்பது பேர், ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில். தலைவி கண்ணியமான அம்மாள். என் புத்தகத்தைக் கல்லூரியில் படித்தாராம். ஏழாம் பக்கத்திலிருந்து அவரே வாசித்தார்: "'என் தங்கை அப்படித்தான் இருந்தாள்.' இதை நீங்கள் இங்கே உறுதிப்படுத்த வேண்டும்."

"முடியாது. அவள் அப்படி இருக்கவில்லை" என்றேன்.

தண்ணீர் குடித்துவிட்டு முழுவதும் சொன்னேன். கடிதம், பச்சை மை, கோடு, என் மறதி எல்லாம். நான் அந்த வீட்டைக் கை கழுவிவிட்டுப் போனதையும் சொன்னேன். 'கை கழுவினேன்' என்ற அந்த வார்த்தையையே சொன்னேன்.

"அப்படியானால் உங்கள் வாதம் தவறா?"

"வாதத்தில் பிழை இல்லை. அதில் வருகிற மாதிரி ஒரு தங்கையை நான் இதுவரை நேரில் பார்த்ததில்லை. நீங்கள் யாராவது பார்த்திருந்தால் அந்தப் பிரிவை வைத்துக்கொள்ளுங்கள்."

வலது ஓரத்தில் இருந்த உறுப்பினர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். செயலாளர்தான் இருமிவிட்டு, "பேட்டியில் சொன்னது வாபஸ் என்று பதியலாமா?" என்றார். பதியச் சொன்னேன்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஏப்ரல் 21, செவ்வாய்

பேப்பரில் வந்துவிட்டது. துறைத் தலைவர் நடைபாதையில் என்னைப் பார்த்ததும் போனைக் காதில் வைத்துக்கொண்டார். திரை கறுப்பாக இருந்தது. என் பெயரில் வரவிருந்த சொற்பொழிவு வரிசை "தள்ளிவைக்கப்படுகிறது". ஓர் இளம் விமர்சகர், வயதானால் தத்துவவாதிகளுக்கும் மனசு இளகிவிடும் என்று நாலு பத்தி எழுதியிருக்கிறார். கொழுப்பு! நான் என்றைக்கும் இல்லாத அளவுக்கு இப்போதுதான் கறாராக இருக்கிறேன்.

வலிக்கிறது. வலிக்கவில்லை என்று எழுத மாட்டேன்.

பல் டாக்டர் கட்டுரையை முழுக்கப் படித்தார். "தப்பான பல்லைப் பிடுங்கிட்டா எங்களால திருப்பி வைக்க முடியாது. நீ கொடுத்து வச்சவ" என்றார். சிரித்துவிட்டேன். ஆறு வாரத்தில் முதல் தடவை.

ஏப்ரல் 26, ஞாயிறு

புதிய பதிப்புக்கு அந்தப் பக்கத்தை மாற்றி எழுதி, தங்கையிடம் கொண்டுபோனேன். ஆரஞ்சு வாங்கவில்லை. அவள் அம்மாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அலுவலகச் சிவப்புப் பேனாவால் படித்தாள். 'தியாகம்' என்று நான் எழுதியிருந்ததைப் பட்டென்று அடித்தாள்.

"தியாகம்லாம் வேணாம். கோவமா இருந்தாள்னு எழுது. கோவமா இருந்தா, இருந்தாலும் பார்த்துக்கிட்டா."

எழுதிக்கொண்டேன். இருபத்தெட்டு வருடத்தில் என்னை எதிர்த்து எழுதிய யாரும் இதைக் கண்டுபிடிக்கவில்லை.

பிறகு, நான் வீட்டிலிருந்தே ஒத்திகை பார்த்துக்கொண்டு போனதைச் சொன்னேன். கொஞ்ச நாள் அம்மாவை நான் வைத்துக்கொள்கிறேன், நீ எங்காவது போய் வா.

"அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கத் தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

"தண்ணியைக் கெட்டியாக்க எவ்வளவு மாவு கலந்தா புரையேறாதுன்னு தெரியுமா?"

"தெரியாது."

"பின்ன என்ன பெரிய இவளாட்டம் பேசுற?"

வாலு கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தது. கடைசியில், "ஞாயிறு ஞாயிறு வா. நான் சொல்ற மாதிரி செஞ்சு காட்டு. சரியா செஞ்சா பார்க்கலாம்" என்றாள்.

மே 3, ஞாயிறு

இடுப்பு போய்விட்டது. முழங்கையை அம்மாவின் தோளுக்கு அடியில் கொடுக்க வேண்டுமாம், அக்குளைப் பிடித்து இழுக்கக் கூடாதாம். மூன்று முறை திட்டு வாங்கினேன்.

மே 24, ஞாயிறு

ஈரத் துணியை அம்மாவைத் தூக்காமல் உருவி எடுத்தேன். தங்கை ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததே பெரிய விஷயம்.

ஜூன் 11, வியாழன்

குழுவின் அறிக்கை வந்தது. தானாக விரும்பி ஏற்றவர்களுக்கு இல்லை என்ற பிரிவை எடுத்துவிட்டார்கள். மற்றதெல்லாம் அடுத்த கூட்டத்தொடருக்குத் தள்ளிப் போயிருக்கிறது. அதுவரை மாற்று ஆள் வரப்போவதில்லை.

ஜூன் 14, ஞாயிறு

அம்மாவை எங்கள் வீட்டு முன்னறைக்குக் கொண்டுவந்தாயிற்று. என் எழுதும் மேஜை நடைக்குப் போய்விட்டது. பல்கலைக்கழகத்தில் விடுப்பு கேட்டேன். துறைத் தலைவர் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

தங்கை, அலுவலகத் தோழிகள் இரண்டு பேரோடு மலை ஏறப் போகிறாள். பன்னிரண்டு நாள். வாசலில் நின்றுகொண்டு மாத்திரை நேரத்தை நாலு முறை சொன்னாள். ஆட்டோவில் ஏறிய பிறகும் இறங்கி வந்து, "இடது காது பக்கமா பேசு, வலது கேக்காது" என்றாள்.

ஜூன் 16, செவ்வாய்

நேற்று எட்டு முறை கூப்பிட்டாள். மருந்து கொடுத்தாயா, முதுகு சிவந்திருக்கிறதா, வாய்க்குள் சோறு அடக்கி வைத்திருக்கிறாளா பார். இன்று ஐந்து முறை. அங்கே மலையைப் பார்த்தாளா இல்லையா என்றே தெரியவில்லை.

அம்மா இரண்டு நாளாக "சின்னவ எங்க?" என்று கேட்கிறாள். சொன்னேன். திரும்பக் கேட்கிறாள். திரும்பச் சொன்னேன். நாற்பது தடவை இருக்கும். நாற்பத்தோராவது தடவை எரிந்து விழுந்துவிட்டேன். அம்மா முகம் சுருங்கிப்போச்சு. கொல்லைப்புறம் போய் நின்று அழுதேன். கோவமா இருந்தது. எனக்கே, அம்மாமேல, ரெண்டு நாளுக்குள்ள.

ஜூன் 18, வியாழன்

காலையில் ஒரு முறை கூப்பிட்டாள். மாத்திரை மட்டும் கேட்டாள்.

ஜூன் 20, சனி

நேற்று கூப்பிடவே இல்லை. இன்று மத்தியானம், நான் அம்மாவுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தபோது அடித்தாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கேட்கப் போகிறாள் என்று எல்லாவற்றையும் வரிசையாக மனசில் எடுத்து வைத்துக்கொண்டேன்: இரவு தூங்கினாள், முதுகுச் சிவப்பு குறைந்திருக்கிறது, காலையில் அரைக் கோப்பை சூப்.

அவள் பேசினாள், பேசினாள், அப்படிப் பேசினாள். செருப்பு கடித்துக் கால் கொப்பளித்துவிட்டதாம். உச்சியில் யாரோ ஒரு கல்லை நட்டு உயரத்தைச் செதுக்கியிருக்கிறார்களாம், இவள் அங்கே நின்று கண்ணாலேயே அளந்து பார்த்து, பக்கத்துச் சிகரம் இன்னும் உயரம் என்று தோழிகளிடம் சண்டை போட்டாளாம். காற்று போனுக்குள் வந்து அடித்தது. சிரித்துச் சிரித்து அவளுக்கு மூச்சு வாங்கியது. பத்து நிமிடம். "சரிக்கா, கூப்பிடுறாங்க" என்று வைத்துவிட்டாள்.

அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. கேட்க மறந்திருக்கிறாள்.

போனைக் கட்டிலில் வைத்துவிட்டு நகவெட்டியை எடுத்தேன். அம்மா, "யாரு?" என்றாள். இடது காதுப் பக்கம் குனிந்து, "சின்னவம்மா. நல்லா இருக்கா" என்றேன். இன்னொரு கையில் மூன்று விரல் நகம் பாக்கி இருந்தது.